நெட்டி விழாத மருமகள்

இந்தக் கூடையைக் கொஞ்சம் உன் காலுக்குப் பக்கத்துல வச்சுக்கிறியா தாயி? கனமெல்லாம் இல்ல. ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு டப்பா நெய்யும் பிள்ளைக்கு ரெண்டு சட்டையும்தான். நானே வச்சுக்கிருவேன், ஆனா இன்னைக்கு நான் எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. விரலை மடக்கக் கூடாது. சங்கரன்கோவில் போய் இறங்குற வரைக்கும் பத்தையும் இப்படி மடியில விரிச்சு வச்சுக்கிட்டே வரணும்.

மருதாணி இல்ல தாயி. அடியும் படல. கண்டக்டர் தம்பியும் உன்னைய மாதிரிதான் பாத்தாரு. டிக்கெட்டுக்கு நோட்டை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு நீட்டினேன்ல, மனுசன் காணிக்கை வாங்குற மாதிரி வாங்கிக்கிட்டாரு. ராஜபாளையத்துல கம்பியைக் கூடப் பிடிக்காமத்தான் ஏறினேன். முழங்கால் ரெண்டும் மடக் மடக்குனு சத்தம் போட்டுச்சா, முன்னாடி ஏறினவரு திரும்பிப் பாத்து ஒதுங்கி வழி விட்டாரு. இந்த வயசுல எனக்குக் கிடைக்கிற மரியாதை அம்புட்டும் முழங்கால் சம்பாதிச்சுக் குடுத்ததுதான்.

விரல் கதையா? சொல்றேன். சொன்னா நீயும் சிரிப்ப. சிரி, எனக்கொண்ணும் இல்ல.

எம் பேரு பூரணம். எங்க தெருவுல வந்து பூரணம் வீடு எதுன்னு கேட்டா, எந்தப் பூரணம், நெட்டிப் பூரணமான்னு கேப்பாக. கல்யாணமா, சடங்கா, காதுகுத்தா, பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வச்சு மாலையைப் போட்டதும் அடுத்த சத்தம், பூரணத்தைக் கூப்பிடு. நான் போய் ரெண்டு கையாலயும் அவுக முகத்தை வழிச்சு, என் நெத்திப் பொட்டுல வச்சு விரலை அழுத்தினேன்னா, பத்தும் படபடன்னு விழும். கல்யாண மண்டபத்துல மைக்செட்டு அலறும், அதுக்கு மேல கேக்கும். இம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாருன்னு சொல்லிப் பொண்ணைப் பெத்தவளுக்கு ஒரே பூரிப்பு. எனக்கு அதுக்கு மேல.

அதோட நிறுத்தியிருக்கலாம். வாயி இருக்கே. என் நாத்தனா சீனியம்மா இருக்கா, எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. அவளும் பாவம் வழிச்சு வழிச்சு அழுத்துவா, ஒரு சத்தம் வராது. ஈரத்துணியைப் பிழியிற மாதிரி இருக்கும். நான் என்ன சொல்லணும்? சும்மா இருக்கணும். நாலு பேரு நடுவுல, "மனசுல பாசம் இருந்தாத்தான் சீனி விரல்ல வரும், வெறும் எலும்பை அழுத்தினா வருமா"ன்னு சொல்லிப்பிட்டேன். ஒரு தடவையா சொன்னேன்? ஒவ்வொரு விசேசத்துலயும் சொன்னேன். தெருவே அதைப் பிடிச்சுக்கிருச்சு. பூரணத்துக்கு ஒருத்தரைப் பிடிக்குதா பிடிக்கலையான்னு அவ விரலைக் கேட்டாத் தெரியும்னு ஆகிப்போச்சு.

எனக்கு ரெண்டு பயலுக. மூத்தவனுக்குக் கட்டினது செல்வராணி, என் கூடப் பொறந்த அண்ணன் மக. அவ பொறந்தன்னைக்கே நெட்டி முறிச்சவ நானு. அவ என்னைய அத்தைன்னு கூப்பிடுறது கல்யாணத்துல வந்த அத்தை இல்ல, ரத்தத்துல வந்த அத்தை. தங்கமான பிள்ளை. நான் காப்பி கேக்குறதுக்கு முந்தியே காப்பி வந்துரும்.

இளையவன் மதி. மில்லு ஆபீசுல வேலை. அங்கயே கூட வேலை பாத்த பொண்ணு, கோமதி, சங்கரன்கோவில்காரி. அவளைத்தான் கட்டுவேன்னு நின்னான். நான் சரின்னு சொல்லக் கொஞ்ச நாளாச்சு. கொஞ்ச நாள்னா ரெண்டு வருசம். அதை விடு, அது வேற கதை. சொல்லிட்டேன்ல சரின்னு.

கல்யாணம் முடிஞ்சு பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல்ல வந்து நிக்கிறாக. செல்வராணி ஆரத்தித் தட்டோட நிக்கிறா. அரக்குக் கலர்ப் பட்டு, தலை நிறைய பிச்சிப்பூ. பாத்ததும் எனக்குக் கை சும்மா இருக்கல. ஆரத்தி எடுக்க நின்னவளுக்கு நெட்டி முறிச்சேன். பத்தும் விழுந்துச்சு. அப்புறந்தான் புதுசா ஒருத்தி வாசல்ல நிக்கிறது ஞாபகம் வந்து, அவ முகத்தை வழிச்சு அழுத்துறேன், ஒண்ணு விழல. திரும்ப அழுத்துறேன். பஞ்சை அழுத்துற மாதிரி இருக்கு. தெருவே பாத்துக்கிட்டு நிக்குது. "கல்யாண வீட்டுல வேலை, விரல் அலுத்துப்போச்சு"ன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போயிட்டேன்.

அதோட போச்சா? பொங்கலுக்கு ரெண்டு பேரும் புதுச்சேலை கட்டிக்கிட்டு வந்து கால்ல விழுந்தாக. மூத்தவளுக்குப் பண்ணினேன், படபடன்னு விழுந்துச்சு. இளையவளுக்குப் பண்ணினேன், கிணத்துல கல்லு போட்டு சத்தம் வராத மாதிரி இருந்துச்சு. தீவாளிக்கும் அப்படியே. எனக்கே பயம் வந்துருச்சு தாயி. நம்ம மனசுல என்னமோ இருக்குமோ, அது நமக்கே தெரியாம விரலுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. அந்தப் பிள்ளை மேல எனக்கு என்ன கோவம்? சாம்பாருல கொஞ்சம் வெல்லம் போடுவா. மதி மொத்தச் சம்பளமும் அவ கையில குடுக்கிறான். பேசுறப்ப "சொல்லுதீங்க, போறீயளா"ன்னு அவ ஊர்ப் பேச்சுல இழுப்பா. இதெல்லாம் ஒரு குத்தமா? நான் மனசுல வச்சுக்கிறதே இல்ல.

அப்புறம் கோமதி உண்டாகியிருந்தா. வளைகாப்பு. அன்னைக்கு எப்படியும் விழ வச்சிரணும்னு முடிவு பண்ணிட்டேன். முந்தின நாளு விரலுக்கெல்லாம் நல்லெண்ணெய் தடவிச் சுடுதண்ணி ஊத்தினேன். அன்னைக்குக் காலையில மண்டபத்துல பந்தல் கட்டி எல்லாரும் உக்காந்தாச்சு, கோமதியைக் கூட்டிட்டு வரப் போறாக. நான் பின்னாடி ரூமுக்குள்ள போயி ஒரு ஒத்திகை பாத்தேன். யாரை வச்சுப் பாக்க? செல்வராணியைத்தான் உக்கார வச்சேன். என்னா சத்தம்ன்ற. கட்டைவிரல் ரெண்டும் கூட விழுந்துச்சு. ஆகா, இன்னைக்கு நம்ம விரல் நல்லாருக்குன்னு சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு வந்தேன்.

கோமதி நாற்காலியில உக்காந்திருக்கா. பச்சைப் பட்டு. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையல். என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா. ஏன் அப்படிப் பாக்குறான்னு எனக்கு அப்பத் தெரியல. முகத்தை வழிச்சேன். அழுத்தினேன். ஒண்ணுமில்ல. மூச்சைப் பிடிச்சு இன்னொரு தடவை அழுத்தினேன். ஒண்ணுமில்ல. சரி, கொஞ்சம் குனிஞ்சு நல்லா வழிப்போம்னு காலை மடக்கினேன் பாரு, என் வலது முழங்கால் மடார்னு ஒரு சத்தம். மண்டபத்துக்கே கேட்டுச்சு. மேளம் அடிச்சவரு கூட நிறுத்திட்டாரு.

சீனியம்மா விடுவாளா? எத்தனை வருசமாக் காத்துக்கிட்டு இருந்திருப்பா. "மதினி, விரல்ல இல்லாத பாசம் உங்களுக்கு முழங்கால்ல இருக்கு போல"ன்னா. எல்லாரும் சிரிச்சாக. நானுஞ் சிரிச்சேன், வேற என்ன செய்ய? நான் வளத்த பேச்சு, எம் மேலயே வந்து விழுந்துச்சு. கோமதியும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தா. கிட்டப் போய்ப் பாத்தா கண்ணெல்லாம் கலங்கியிருக்கு. சாம்பிராணிப் புகைன்னு நினைச்சு, புகையைத் தள்ளிக் கொண்டு போகச் சொன்னேன்.

அன்னைக்கு அவுக அம்மா வீட்டுக்குப் போனவதான். பேத்தி பொறந்தா. ஆசுபத்திரில போய்ப் பாத்தோம், பேரு வச்சாச்சு, தொட்டில் கட்டியாச்சு. மூணாம் மாசம் கூட்டிட்டு வரணும், வரல. குளிர்ங்கிறா. வெயில்ங்கிறா. அஞ்சாம் மாசம் ஆச்சு. மதி வாரத்துக்கு வாரம் அங்க போறான். போன மாசம் சோத்துல கையை வச்சுக்கிட்டே, "அம்மா, அங்கயே ஒரு வீடு பாத்திருக்கேன், நான் மில்லுக்குப் பஸ்ஸுல வந்து போயிருவேன்"னு சொல்றான். ஒரே பேத்தி தாயி. மூத்தவனுக்கு ரெண்டும் பயலுக. இந்தப் பிள்ளை குப்புற விழுந்ததைக் கூட நான் போன்லதான் பாத்தேன்.

இதுக்கு நடுவுல இந்த முழங்கால். மண்டபத்துல ஒரு தடவை பேசிப் பழகினதும் அதுக்குக் கூச்சம் போயிருச்சு. உக்காந்தா மடக்கு, எந்திரிச்சா மடக்கு, மாடிப்படி ஏறினா நறநறன்னு அரைக்குது. எலும்பு தேய்ஞ்சு மாவாக் கொட்டுதோன்னு ராத்திரி படுக்கப் போறப்ப சேலையை உதறிப் பாப்பேன். நெசமாத்தான் சொல்றேன். மூத்தவன் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டு, பிசியோதெரபி பாக்குற டாக்டரம்மா கிட்டக் கூட்டிட்டுப் போனான். சின்னப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும்.

அந்தப் பொண்ணு எங் கையை எடுத்து என் முழங்கால் மேலயே வச்சு, காலை நீட்டி மடக்கச் சொன்னா. "என்னம்மா தெரியுது?" "ரவை வறுக்கிற மாதிரி இருக்கு டாக்டரம்மா." "வலிக்குதா?" இல்ல. "வீங்குதா? மடக்கினா அப்படியே மாட்டிக்கிதா? நடக்கிறப்ப கால் தளந்து மடங்கிப் போகுதா?" ஒண்ணும் இல்ல. "அப்ப பயப்பட வேண்டாம்மா. வயசானா உள்ள கொஞ்சம் சொரசொரப்பு வரத்தான் செய்யும். வலி இல்லாத சத்தம் வெறும் சத்தம்தான். வலியோ வீக்கமோ வந்தா உடனே வாங்க. இப்போதைக்குத் தொடைக்குப் பலம் குடுத்தாப் போதும்"னு சொல்லி, நாற்காலியில உக்காந்து காலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லிக் குடுத்தா. நான் வந்த காரியம் முடிஞ்சது. ஆனா எந்திரிக்க மனசில்ல. கேட்டுப்பிட்டேன். "டாக்டரம்மா, முழங்கால் கூப்பிடாமலே சத்தம் போடுது. விரல் மட்டும் கெஞ்சினாலும் போட மாட்டேங்குது. மூத்த மருமகளுக்கு விழுது, இளைய மருமகளுக்கு விழல. மனசுல இருக்கிறது விரலுக்குத் தெரியுமா?"

அந்தப் பொண்ணு சிரிக்கல. அதுக்காகவே அவளுக்குக் கோடி புண்ணியம். "ஒருத்தருக்குப் பண்ணிட்டு உடனே இன்னொருத்தருக்குப் பண்ணுவீங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். அம்புட்டுத்தான் விசயம்னா. மூட்டுக்குள்ள வழவழன்னு ஒரு தண்ணி இருக்காம். அதுல காத்து கரைஞ்சு கிடக்குமாம். விரலை அழுத்தி மடக்குறப்ப சட்டுன்னு அது குமிழாகுதாம், அந்தச் சத்தம்தான் நெட்டி. குமிழு திரும்பக் கரைய ஒரு இருபது நிமிசமாவது ஆகுமாம். அதுக்குள்ள நீ குட்டிக்கரணம் அடிச்சாலும் அதே விரல் விழாதாம். கோலிச்சோடா மாதிரி. உடைச்ச சோடாவைத் திரும்ப அழுத்தினாச் சத்தம் வருமா?

எனக்கு எப்படி இருந்துச்சுங்கிற? ஜெயில்ல இருந்து விட்ட மாதிரி இருந்துச்சு. எம் மனசுல ஒண்ணும் இல்ல, எல்லாம் காத்து. காத்துதான் குத்தவாளி. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கூடக் கழட்டாம கோமதிக்குப் போன் போட்டேன். நானா அவளுக்குப் போன் போட்டது அதுதான் மொத தடவை. வழக்கமா மதிதான் போட்டு எங்கிட்டக் குடுப்பான்.

"கோமதி, கேளு, எல்லாம் தெரிஞ்சு போச்சு. உனக்கு விழாததுக்கு நான் காரணம் இல்ல, காத்து காரணம்"னு ஆரம்பிச்சு, குமிழு, தண்ணி, சோடா, இருபது நிமிசம், எல்லாத்தையும் மூச்சு விடாமச் சொன்னேன். அந்தப் பக்கம் பிள்ளை முனகுறது மட்டும் கேக்குது. கோமதி, இருக்கியான்னேன்.

"இருக்கேன் அத்தை"ன்னா. "அப்ப நீங்க எப்பவும் அக்காவுக்கு மொதல்ல பண்ணிட்டுத்தான் எனக்குப் பண்ணியிருக்கீங்க. ஒரு தடவை கூட எனக்கு மொதல்ல பண்ணலை. அதைத்தான அத்தை சொல்லுதீங்க?"

நான் எதுக்கு அந்த டாக்டரம்மாகிட்டப் போனேன்? முழங்காலுக்குப் போனவ முழங்காலோட வந்திருக்கலாம்ல. நானாப் போயி, நானாக் கேட்டு, நானாப் போன் போட்டு, எங் கையாலயே சாட்சியைக் கொண்டு போய்க் குடுத்துட்டேன். மூத்தவதானம்மா மொதல்ல, அதுதான முறைன்னு சொன்னேன். சரி அத்தைன்னா. நீயே சொல்லு தாயி, மூத்தவளுக்கு மொதல்ல செய்யுறது தப்பா? காப்பி முதக்கொண்டு எங்க வீட்டுல மூத்தவளுக்குத்தான் மொதல்ல. துணி எடுத்துட்டு வந்தா மூத்தவ பிரிச்சுப் பாத்து எடுத்துக்கிட்டதுக்கு மிச்சம் இளையவளுக்கு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான?

என்ன, அவ வாசலுக்கு வந்தன்னைக்கு அவளுக்குத்தான் மொதல்ல பண்ணியிருக்கணும்ங்கிறியா? அது சரிதான். அன்னைக்கு அவதான கல்யாணப் பொண்ணு. பட்டு அவளும் கட்டியிருந்தா. என்ன கலருன்னு இப்ப யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகம் வர மாட்டேங்குது.

சரி, அதை விடு. போனை வைக்கிறதுக்கு முந்தி அவளே சொன்னா. "ஒரு நாளு வாங்க அத்தை. யாருக்கும் பண்ணாம நேரா எங்கிட்ட வாங்க. மொதல்ல எனக்கு, அப்புறந்தான் பாப்பாவுக்கு. ஒரே ஒரு விரலு விழுந்தாப் போதும், பெட்டியைத் தூக்கிட்டு உங்க கூடயே வந்துருதேன்"னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. நான் சிரிக்கல.

அதுக்குத்தான் இந்தப் பாடு. காலையில இருந்து அடுப்படிப் பக்கமே போகல. இட்லியைக் கரண்டியால சாப்பிட்டேன். கிளம்புறப்ப செல்வராணி வாசல்ல வந்து நின்னா, தலைக்குக் குளிச்சு மஞ்சச் சேலையில அம்மன் மாதிரி. எங் கை ரெண்டும் தன்னால மேல போச்சு. சட்டுன்னு பின்னாடி கட்டிக்கிட்டு, உள்ள போடீன்னு ஒரு அதட்டு. அவ முகம் சுண்டிப்போச்சு. ஏன்னு தெரியல. போயி விசாரிக்கணும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுக்கெடுத்தாலும் கோவம்.

சங்கரன்கோவில் வந்துருச்சா? இல்லையா, இப்பத்தான் ஊருக்குள்ள நுழையுதா? நல்லதாப் போச்சு. எம்பாட்டுக்குப் பேசிக்கிட்டே வந்துட்டேன், உன்னைய ஒரு வார்த்தை கேக்கல. நீ எங்க போற? ஓ, நர்சு வேலையா. இன்னைக்குத்தான் சேரப் போறியா? மொத வேலையா? அடி எந் தங்கமே. அதான் தலை வாரிப் பொட்டு வச்சு இப்படிப் பளிச்சுன்னு இருக்க. கூட யாரும் வரலையா? தனியா ஹாஸ்டல்ல தங்கப் போறியா? அங்க உனக்குச் சுத்திப் போட யாரு இருக்கா? இங்க வா, முகத்தைக் காட்டு. எங் கண்ணே பட்டுரும் போலருக்கு.

கேட்டியா? பத்தும். ஒண்ணு மிச்சமில்ல. டிரைவரே கண்ணாடியில பாக்குறாரு.

ஐயோ.

ஐயோ தாயி, என்ன காரியம் பண்ணிட்டேன். நீயாவது எங் கையைப் பிடிச்சிருக்கக் கூடாதா? பேசாம இரு, இரு, யோசிக்கிறேன். இருபது நிமிசம். பஸ் ஸ்டாண்டுலயே ஒரு ஓரமா உக்காந்துட்டு, கரைஞ்சதும் ஆட்டோ பிடிச்சுப் போயிருவோம். அவ வீட்டுலதான் இருப்பா. இன்னைக்கு வர்றேன்னுதான் சொன்னேன், எந்த பஸ்ஸுன்னு கூடச் சொல்லல.

அங்க பாரு. அந்தப் பூக்கடைப் பக்கத்துல. துண்டைப் போட்டு மூடிப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தி ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாக்குறாளே. அவதான். வெயிலு சுள்ளுன்னு உறைக்குது, பச்சப்பிள்ளையை வச்சுக்கிட்டு எம்புட்டு நேரமா நிக்கிறாளோ. நான் வரச் சொல்லவே இல்லையே தாயி.

இன்னைக்கும் அவ ரெண்டாவது ஆளாயிட்டா. மூத்தவளுக்குக் கூட இல்ல இன்னைக்கு, பேரு தெரியாத உனக்குப் பின்னாடி.

கூடையைக் குடு. நானே தூக்கிக்கிறேன், இனிமே விரலை வச்சு என்ன செய்யப் போறேன். நீ கொஞ்சம் பொறுத்து இறங்கு, என்ன? உம் மூஞ்சியப் பாத்தா அவளுக்குத் தெரிஞ்சிரும். வீட்டுக்கு வாம்மான்னு நான் இன்னும் அவளை வாயால கூப்பிட்டதே இல்ல. அன்னைக்குப் போன்ல கூடச் சோடாவைப் பத்தித்தான் பேசினேன். இப்பப் போய்க் கூப்பிடணும்.